வெள்ளிக்கிழமை நிற்கும் கார்

இருபத்து மூன்று வருடமாக மென்பொருளில் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். யாரோ எழுதியதை உட்கார்ந்து நோண்டி, இது இங்கே உடைகிறது, அது அங்கே தொங்குகிறது என்று சொல்வது என் பிழைப்பு. வாடிக்கையாளர் ஒரு கோளாறைப் பற்றிப் புகார் செய்து, அது எங்கள் மேசையில் திரும்ப வராவிட்டால், "மறுபடி நிகழவில்லை" என்று ஒரு வரி எழுதிப் புகாரை மூடிவிடுவோம். அந்த ஒரு வரியால் எத்தனை பேர் வாயை அடைத்திருக்கிறேனோ, எனக்கே தெரியாது. அதே வரியை ஒருவன் என் முகத்துக்கு நேராகச் சொன்ன அன்று எனக்கு வந்த கோபத்தை எழுதினால் அச்சில் ஏறாது.

கார் விஷயத்தில் தேவை என் மனைவியுடையது, ஆசை என்னுடையது. கணக்கில் முதுகலை படித்துவிட்டு இருபது வருடம் வீட்டையும் பிள்ளையையும் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, பையன் கல்லூரிக்குப் போன பிறகு ஓசூருக்குச் சற்று முன்னால் அத்திபெலேயில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. ஆறாம் வகுப்புக்குக் கணக்கு. சேதி வந்த அன்று சமையலறையில் நின்று அழுதாள். வெங்காயம் என்றாள். அன்றைக்குச் சமையலில் வெங்காயமே இல்லை.

எங்கள் குடியிருப்பு பொம்மனஹள்ளிப் பக்கம். அங்கிருந்து அத்திபெலேவுக்கு இரண்டு பஸ், அப்புறம் ஓர் ஆட்டோ. காலை ஏழரைக்கு முதல் மணி. பஸ்ஸை நம்பினால் வாரத்தில் மூன்று நாள் தாமதம் நிச்சயம். ஓட்டுநர் உரிமம் வைத்திருந்தாளே தவிர, கிளட்ச் என்றாலே அவளுக்கு நடுக்கம். "கிளட்ச் இல்லாத வண்டின்னா நான் ஓட்டிடுவேங்க" என்றாள். சின்னதாக ஒன்று வாங்கியிருந்தால் போதும். நான் போய் நாலு பக்கமும் கேமரா, முன்னும் பின்னும் சென்சார், நடுவில் டிவி அளவு திரை என்று, விலை சொன்னால் சொந்தக்காரர்கள் பேச்சை நிறுத்திவிடுகிற மின்சாரக் கார் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினேன். பாதுகாப்புக்காக என்றேன். பந்தாவுக்காக என்பது அவளுக்கும் தெரியும். ஆனாலும் பத்தே நாளில் அழகாக ஓட்டப் பழகிவிட்டாள்.

முதல் மாதம் கதவுக் கைப்பிடி. அந்தக் காரில் கைப்பிடி கதவுக்குள் ஒளிந்திருக்கும், நாம் போனால் வெளியே வரும். ஒரு நாள் வரவில்லை. புடவையோடு அந்தப் பக்கக் கதவு வழியாக ஏறி, நடுவில் தாண்டி, ஓட்டுகிற இருக்கைக்கு வந்தாள். இரண்டாம் மாதம் திரை இருண்டது. அதில்தான் வேகம், அதில்தான் ஏசி, அதில்தான் எல்லாமும். மூன்றாவதாக, சார்ஜ் போடும் துப்பாக்கி மாட்டிக்கொண்டு கழலவே இல்லை. குடியிருப்பின் அடித்தளக் கார் நிறுத்தத்தில் காரும் சுவருமாக இரண்டு மணி நேரம் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றன. ஒவ்வொரு தடவையும் சர்வீஸ் சென்டரில் ஏதோ ஒரு பாகத்தை மாற்றினார்கள், காப்பி கொடுத்தார்கள், நட்சத்திரம் போடச் சொன்னார்கள்.

இதெல்லாம் உண்மையான கோளாறு. யாரும் மறுக்கவில்லை. ஆனால் என் மண்டையை அது என்னவோ செய்துவிட்டது. புதிய வண்டி, இவ்வளவு விலை, மாதத்துக்கு ஒன்று உடைகிறது என்றால் காரணம் வேண்டுமே. அலுவலகத்தில் டீ குடிக்கும்போது ஒருவர், "திருஷ்டி சார், வேறென்ன" என்றார். திங்கள் முதல் வியாழன் வரை நான் பகுத்தறிவாளன்தான். மூன்றாவது ரிப்பேருக்குப் பிறகு என் கையில் வேறு கருவி இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து காருக்குப் பூஜை ஆரம்பித்தேன்.

காலை ஆறரைக்குக் குளித்துவிட்டுக் கிண்ணத்தோடு அடித்தளத்துக்கு இறங்குவேன். பன்னீர் விட்டுக் கெட்டியாகக் குழைத்த சந்தனம், நடுவில் வைக்கக் குங்குமம், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். எங்கள் பழைய பெட்ரோல் காருக்கு முகம் என்று ஒன்று இருந்தது, எங்கே வேண்டுமானாலும் பொட்டு வைக்கலாம். இதன் முகமோ மொழுமொழுவென்று இருக்கும், பொட்டு வழுக்கும். ஆனால் கீழே பம்பரில் பத்து ரூபாய்க் காசு அளவில் ஆறு வட்டங்கள், வரிசையாக. பொட்டு வைப்பதற்கென்றே அளவெடுத்து வைத்த மாதிரி. ஆறிலும் கட்டைவிரலால் அழுத்தி வைத்தேன். பார்க்க லட்சணமாக இருந்தது. ஏழு மணிக்கு முன்னால் என் மனைவி இறங்கி வந்து, பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பிப் போவாள்.

முதல் வெள்ளியன்றே அவளிடமிருந்து போன் வந்தது. சந்தாபுரா சிக்னலுக்கு முன்னால் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தபோது கார் கீச்சென்று கத்தி, தானாகப் பிரேக் போட்டு நின்றுவிட்டதாம். பின்னால் பைக்கில் வந்தவன் கன்னடத்தில் நன்றாக வாழ்த்திவிட்டுப் போயிருக்கிறான்.

"முன்னாடி என்ன இருந்துச்சு?" என்றேன்.

"முன்னாடி ஒண்ணும் இல்லங்க."

"ஒண்ணும் இல்லாம எப்படி நிக்கும்?"

"அதத்தான் நானும் கேக்கறேன்."

பிரேக் சம்பந்தப்பட்ட புகார் என்பதால் சர்வீஸ் சென்டர்காரர்கள் ஓட்டி வர விடவில்லை. மதியம் ஒரு டிரக் பள்ளிக்கூடத்துக்கே வந்து காரை ஏற்றிக்கொண்டு போனது. சனிக்கிழமை நான் போனபோது கார் பளபளவென்று நின்றது. அங்கே பொறுப்பாக இருந்தவர் தாடி வைத்த, தன்மையான மனிதர். தமிழ் நன்றாகவே பேசுவார், நடுவில் கன்னடம் எட்டிப் பார்க்கும்.

"சார், மூணு வாட்டி ஓட்டிப் பாத்தோம். மறுபடி வரவே இல்ல."

அந்த வரி. மடிக்கணினியையும் திருப்பிக் காட்டினார். முன்னால் தடை, இருபது சென்டிமீட்டர், அதனால் வண்டி தானாக நின்றது என்று அதில் பதிவாகியிருந்தது. "வண்டி சரியாத்தான் வேல செஞ்சிருக்கு சார். மேடம் முன்னாடி வண்டிய ஸ்வல்ப ஒட்டிப் போயிருப்பாங்க. புதுசு தானே. டிஸ்டன்ஸ் பிடிபட டைம் ஆகும்."

நான் அந்தத் திரையைப் பார்த்தேன். எண் இருந்தது, நேரம் இருந்தது. என் மனைவியிடம் இருந்தது வெறும் வாய்ச்சொல். எதை நம்புவது என்று அப்போது எனக்குக் குழப்பம்கூட வரவில்லை, அதை நினைத்தால்தான் இப்போது கூசுகிறது. வீட்டுக்கு வந்து, "கொஞ்சம் இடம் விட்டு ஓட்டு" என்றேன். அவள் தட்டு எடுத்து வைத்தாள்.

அடுத்த வாரம் திங்கள் முதல் வியாழன் வரை ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை நின்றது. அதற்கடுத்த வெள்ளியும் நின்றது. டிரக், சனிக்கிழமை, பளபள, மறுபடி வரவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை நானே அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஓசூர் வரை ஓட்டினேன். ஊர்ந்தேன், ஒட்டினேன், வேண்டுமென்றே லாரியின் பின்னால் போய் முட்டுகிற மாதிரி நின்றேன். சமர்த்தாக ஓடியது. சென்சாரை மாற்றச் சொன்னேன், மாற்றினார்கள். புதிய மென்பொருளை ஏற்றச் சொன்னேன், ஏற்றினார்கள். வெள்ளிக்கிழமை நின்றது. கார் குணமாகவில்லை என்று நான் சந்தனத்தை இன்னும் கெட்டியாக வைத்தேன்.

ஒரு வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது அவள்தான் சொன்னாள். "ஏங்க, வெள்ளிக்கிழமைதான் நிக்குது. கவனிச்சீங்களா?"

"கார் பஞ்சாங்கம் பாக்குதாக்கும்" என்றேன். "ராகு காலம், எமகண்டம் எல்லாம் அப்டேட்ல வந்திருக்கும்."

பையன் ஹாஸ்டலிலிருந்து வீடியோவில் இருந்தான், சிரித்தான். அவளும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக. குறை கண்டுபிடிப்பதே தொழிலான எனக்கு, எந்த நாளில் வருகிறது என்பதுதான் கேட்க வேண்டிய முதல் கேள்வி. அதை அவள் தட்டில் வைத்துக் கொடுத்தும் நான் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரமே அவள் எனக்குச் சொல்லாமல் கண் டாக்டரிடம் போய்வந்தாள். புதிய கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றபோதுதான் எனக்குத் தெரியும். "தூரம் சரியா தெரியலையோன்னு எனக்கே சந்தேகமா இருக்கு" என்றாள். டாக்டர் பழைய பவரே போதும் என்றாராம், இவள்தான் பிடிவாதமாகப் புதிதாக மாற்றியிருக்கிறாள். நான், "நல்லதுதான்" என்றேன். வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று ஒரு பட்டியலே இப்போது என்னிடம் இருக்கிறது.

கடைசி வெள்ளிக்கிழமை மழை தூறிக்கொண்டிருந்தது. அத்திபெலே சுங்கச்சாவடியைத் தாண்டிப் பள்ளிக்குத் திரும்புகிற இடத்தில் கார் நின்றது. பின்னால் பிள்ளைகளை ஏற்றி வந்த ஆட்டோ வந்து மோதியது. காருக்கு ஒரு கீறல். ஆட்டோவின் முன்கம்பியில் இடித்து ஒரு பெண் குழந்தைக்கு உதடு கிழிந்துவிட்டது. என் மனைவியின் வகுப்பில் படிப்பவள். என் மனைவி அந்தக் குழந்தையைத் தூக்கி, புடவைத் தலைப்பால் வாயை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பக்கத்துக் கிளினிக்குக்கு ஓடியிருக்கிறாள். இரண்டு தையல். பதினொரு மணிக்கு எனக்கு அழைத்தபோது குரல் ரொம்ப அமைதியாக இருந்தது.

"நீங்க வந்து காரை எடுத்துக்கிட்டுப் போயிடுங்க. எனக்கு இது வேணாம்."

நான் பள்ளிக்குப் போனேன். அவள் வெளியே வரவில்லை, சாவி அட்டையை வாட்ச்மேனிடம் கொடுத்து வைத்திருந்தாள். டிரக் வந்தது. அன்றைக்கு நானும் டிரக்கிலேயே ஏறி உட்கார்ந்தேன். அந்தத் தாடிக்காரரை இன்று விடுவதில்லை என்று வழியெல்லாம் வசனம் தயார் செய்தேன்.

வசனத்துக்கு வேலையே வரவில்லை. வழக்கமாக எந்தக் கார் வந்தாலும் முதலில் கழுவும் இடத்துக்குத்தான் போகும், கீறலெல்லாம் தெரிய வேண்டுமென்று கழுவிப் படம் எடுத்த பிறகுதான் பட்டறைக்குள் விடுவார்கள். இத்தனை நாளில் அது எனக்குத் தெரியாது. அன்று காலை தண்ணீர் டேங்கர் வரவில்லை. அதனால் கார் அப்படியே, சந்தனமும் சேறுமாக, நேரே உள்ளே போனது. மெக்கானிக் மடிக்கணினியை மாட்டினார். திரையில் காரின் படம் வந்தது, அதன் முன்னால் ஆறு சிவப்பு வளைவுகள். தடை, இருபது சென்டிமீட்டர்.

மெக்கானிக் காருக்கு முன்னால் வந்து பார்த்தார். வெறும் தரை. கையை வீசிப் பார்த்தார். தாடிக்காரர் வந்து குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். மூன்று ஆண்பிள்ளைகள் ஒன்றுமில்லாத இடத்தை வெறித்துக்கொண்டு நின்றோம்.

கழுவும் இடத்தில் வேலை செய்கிற பெண், நாற்பது வயதிருக்கும், சும்மா நிற்கப் பிடிக்காமல் ஈரத் துணியோடு வந்தார். "தள்ளுங்கண்ணா" என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டுக் குனிந்து முதல் வட்டத்தைத் துடைத்தார். திரையில் ஒரு சிவப்பு வளைவு போய்விட்டது. இரண்டாவதைத் துடைத்தார், இன்னொன்று போனது. அவர் திரையைப் பார்க்கவே இல்லை. மூன்றாவதை நகத்தால் சுரண்டினார்.

"வாராவாரம் இந்த வண்டி இப்டித்தான் வருது சார்" என்றார் என்னிடம். "நம்ம நீலசந்திரா ஏரியால கூட வண்டிக்கு வெப்பாங்க, ஆனா இவ்ளோ கெட்டியா யாரும் வெக்க மாட்டாங்க. சொரண்டிச் சொரண்டி நகமே போச்சு. வாசன மட்டும் நல்லாருக்கும்."

ஆறாவது வளைவும் போனது. தாடிக்காரர் தொண்டையைச் செருமினார். "சார், அந்த ரவுண்டுதான் சென்சார். அது மேல ஏதாவது ஒட்டியிருந்தா, வண்டி ஊரறப்போ முன்னாடி யாரோ நிக்கறாங்கன்னு நெனச்சு நின்னுடும். மேன்யுவல்ல இருக்கு." மேன்யுவலைப் படிக்காமல் புகார் செய்கிறவர்களைப் பற்றி நான் அலுவலகத்தில் அடித்த ஜோக்குகள் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன.

"யார் சார் வெக்கறது, வீட்ல அக்காவா?" என்று அந்தப் பெண் கேட்டார்.

தலையை எப்படியோ அசைத்தேன், அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். "அவங்கள சொல்லிப் பயனில்ல சார், பக்தி" என்றார். அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

வேலைச் சீட்டில் இரண்டே வரி எழுதிக் கொடுத்தார்கள். சென்சார் மேல் அந்நியப் பொருள், சுத்தம் செய்யப்பட்டது. கஸ்டமர் எஜுகேட்டட், அதாவது எனக்குப் பாடம் சொல்லியாகிவிட்டது. அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு காரை நானே ஓட்டி வீட்டுக்கு வந்தேன். சந்தோஷப்படுவதா அழுவதா என்று நிஜமாகவே தெரியவில்லை. காரணம் கிடைத்துவிட்டது, அவள் வேலைக்கு இனி ஆபத்து இல்லை என்று ஒரு பக்கம் மனது துள்ளியது. காரணம் நான்தான் என்பதை இன்னொரு பக்கம் அது ஏற்றுக்கொள்ளாமல் முரண்டு பிடித்தது. முதல் மூன்று ரிப்பேர் இல்லையென்றால் நான் சந்தனமே குழைத்திருக்க மாட்டேனே, அப்படியென்றால் தப்பு யாருடையது? சில்க் போர்டு சிக்னல் வரை இதே வழக்கு உள்ளே நடந்தது.

அவள் சோபாவில் உட்கார்ந்திருந்தாள். தலைப்பில் ரத்தக்கறையோடு அதே புடவை. நான் சீட்டை நீட்டி எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு வரியையும் நிதானமாகப் படித்தாள்.

"சந்தனமா?"

"ஆமா."

"வெள்ளிக்கிழமை."

"ஆமா."

கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "நான் மத்தியானமே வேலைய விடறேன்னு எழுதிக் குடுத்துட்டேங்க" என்றாள். "என் கண்ணே எனக்குப் பொய் சொல்லுதுன்னு நினைச்சேன். பிள்ளைங்க நடக்கற ரோட்டுல எப்படி ஓட்டறது? நீங்க அவ்ளோ தடவ சொன்னீங்க, அந்த மெஷின் சொல்லுச்சு. எல்லாரும் சொல்றப்ப நான் மட்டும் எப்படி சரியா இருப்பேன்னு விட்டுட்டேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மன்னிச்சுக்கோ என்றேன். அவள் புடவை மாற்ற எழுந்து போனாள்.

திங்கட்கிழமை இருவரும் பள்ளிக்குப் போனோம். காரை நான்தான் ஓட்டினேன், அவள் சாவியைத் தொடவில்லை. தலைமை ஆசிரியை நல்ல மாதிரி, அத்திபெலேக்காரர், கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார். வேலைச் சீட்டைக் கண்ணாடி போட்டுப் படித்தார், கழற்றிவிட்டு மறுபடி படித்தார்.

"சந்தனம் யாரு வெச்சது?" என்று கேட்டார்.

"வீட்லதான் மேடம்" என்றாள் என் மனைவி.

"நான் வெச்சேன்" என்றேன். "ஒவ்வொரு வெள்ளியும் நான்தான். இவங்க சொன்னதை நான் கேக்கல. அன்னிக்கு ரோட்டுல நடந்ததுக்கு இவங்க காரணம் இல்ல மேடம்."

தலைமை ஆசிரியை என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு அவளிடம் திரும்பினார். குழந்தையின் வீட்டார் சனிக்கிழமையே வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார்களாம். கடிதம் நிர்வாகத்துக்குப் போய், இன்றைக்குப் புது ஆளும் வந்துவிட்டதாம். "நானு நம்பறேன் மா. ஆனா அவங்ககிட்ட சந்தனம் குங்குமம்னு சொன்னா நம்புவாங்களா? ஜூன்ல கூப்பிடறேன். கண்டிப்பா கூப்பிடறேன்."

அவள் சரி என்றாள். தையல் போட்ட குழந்தையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வகுப்புப் பக்கம் போனாள். ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். உள்ளே வேறொருத்தி கரும்பலகையில் பின்னம் எழுதிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் இவளைப் பார்த்து எழுந்து நின்று கத்தவும், கையை உதட்டில் வைத்து அடக்கிவிட்டுத் திரும்பி வந்தாள்.

கார் பக்கத்தில் வந்ததும் கையை நீட்டினாள். எனக்கு முதலில் புரியவில்லை.

"சாவி" என்றாள்.

கொடுத்தேன். பம்பருக்கு முன்னால் போய்க் குனிந்து ஆறு வட்டங்களையும் ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தாள். புதிய கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு, பழையதை மாட்டிக்கொண்டு ஓட்டுகிற இருக்கையில் உட்கார்ந்தாள். நான் சுற்றி வந்து இந்தப் பக்கம் ஏறினேன். பொம்மசந்திரா தாண்டுவதற்குள் நடுத்திரை இருண்டு, ஒரு நிமிடம் கழித்துத் திரும்ப வந்தது. அதற்கு என்ன காரணமென்று யாருக்கும் தெரியாது. அவள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை, நேரே பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்த சிக்னலில் வண்டிகள் ஊர ஆரம்பித்தன. அவள் மெல்ல முன்னேறினாள். என்னையறியாமல் என் வலது கால் தரை விரிப்பை ஓங்கி மிதித்தது.

அவள் திரும்பவில்லை.

"முன்னாடி ஒண்ணும் இல்லங்க" என்றாள்.

நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். முன்னால் ஒன்றும் இல்லை.